புதுப்பிப்பு: பாஷ் அரேயில் காணாமல் போன காலி உறுப்பு

ராணிப்பேட்டை தோல் சரக்குக்கு லேபிள் அடிக்கும் பாஷ் (கட்டளைகளை இயக்கும் ஒரு ஷெல்) ஸ்கிரிப்ட் பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன். லாட் எண், நிறம், அளவு என மூன்று உறுப்புள்ள அரே, அதாவது மதிப்புகளின் பட்டியல். நிறம் காலியாக இருந்தால் அளவு நிறத்தின் இடத்தில் அச்சாகிறது. காரணம் கிடைத்துவிட்டது.

அரேயில் குறையில்லை. எண்ணிப் பார்த்தால் மூன்று உறுப்பும் இருக்கின்றன. அதை லேபிள் கட்டளைக்கு அனுப்பும் வரியில் இரட்டை மேற்கோள் இல்லை. மேற்கோள் இல்லாமல் விரித்தால், அதாவது அரேயின் பெயர் இருக்கும் இடத்தில் உறுப்புகளை இடச் சொன்னால், பாஷ் ஒவ்வொரு உறுப்பையும் இடைவெளி பார்த்து மறுபடி உடைக்கும். காலி உறுப்பை அப்படியே விட்டுவிடும். 'இளம் பழுப்பு' என்ற நிறம் இரண்டாகப் பிரிந்ததும் இதனால்தான். மேற்கோளுக்குள் @ போட்டு விரித்தால் மூன்றும் மூன்றாகவே போகும். அங்கே * போட்டுவிடாதீர்கள், எல்லாம் ஒரே சரமாகிவிடும்.

சோதிக்க எக்கோ (echo) கட்டளை வேண்டாம், காலி உறுப்பு கண்ணுக்குத் தெரியாது. பிரின்ட்எஃப் (printf) கட்டளை கொண்டு ஒவ்வொன்றையும் அடைப்புக்குறிக்குள் அச்சிடுங்கள்.

பாஷுக்குப் பதில் இசட்-ஷெல் (zsh) என்ற வேறொரு ஷெல்லுக்கு மாறச் சொன்ன காட்பாடி அண்ணனுக்கு: அது இடைவெளியில் உடைக்காது, சரி. ஆனால் மேற்கோள் இல்லாவிட்டால் காலி உறுப்பை அதுவும் விழுங்கிவிடும். ஃபிஷ் (fish) என்ற இன்னொரு ஷெல்லோ மேற்கோள் இல்லாமலே காலியைக் காப்பாற்றுகிறது. எனக்கு அந்த வடிவமைப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அப்புறம், மேக்கில் ஓட்டும் ஆம்பூர் நண்பருக்கு: அதோடு வரும் பாஷ் 3.2. அதில் நவுன்செட் (மதிப்பு தராத மாறியைப் பயன்படுத்தினால் பிழை காட்டும் அமைப்பு) போட்டிருந்தால், உறுப்பே இல்லாத அரேயை மேற்கோளுக்குள் விரித்தாலும் பிழை காட்டி நின்றுவிடும். 2016இல் வந்த 4.4 முதல் அந்தத் தொல்லை இல்லை.