சாம்பல் அள்ளினால் அறை முழுக்கத் தூள், வழி உண்டா?

குளிர்வாசி:
கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு விறகடுப்பு. அடியில் சாம்பல் தட்டு கிடையாது, தினமும் கரண்டியால்தான் அள்ளுகிறேன். எவ்வளவு மெதுவாக அள்ளினாலும் வெள்ளைத் தூள் கிளம்பி மேசை, புத்தகம் எல்லாவற்றிலும் படிகிறது. தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளலாமா? இல்லை, வாக்குவம் கிளீனரில் உறிஞ்சிவிடலாமா?

விறகுக்கட்டு:
இரண்டும் வேண்டாம் நண்பரே. தண்ணீர் பட்டால் சாம்பல் களியாகி அடுப்பில் ஒட்டிக்கொள்ளும். ஈரச் சாம்பல் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வாக்குவம் இன்னும் மோசம். மேலே ஆறின மாதிரி தெரிந்தாலும் உள்ளே கங்கு கிடக்கும். பைக்குள் போய்க் காற்றும் கிடைத்தால் பற்றிக்கொள்ளும். சாதாரண வடிகட்டியில் அந்த நுண்தூள் நிற்கவும் நிற்காது, பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும்.

அடுப்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே அள்ளுங்கள். புகைபோக்கித் தடுப்பை (புகை போகும் வழியை அடைக்கும் தகடு) முழுசாகத் திறந்து வைத்தால் காற்று மேல்நோக்கிப் போகும் இழுவை இருக்கும், கிளம்புகிற தூள் மேலே போய்விடும். சமையலறைப் புகை உறிஞ்சும் விசிறி ஓடினால் நிறுத்துங்கள். அது இழுவையைத் திருப்பிவிடும். கதவை வெடுக்கென்று திறக்காதீர்கள். கரண்டியை வாளியின் அடிவரை இறக்கிச் சரியுங்கள். உயரத்திலிருந்து கொட்டுவதால்தான் பாதிப் புழுதி.

அடுப்படி:
முதலில், தினமும் ஏன் அள்ள வேண்டும்? தட்டு இல்லாத அடுப்பில் 2, 3 செ.மீ. சாம்பல் கிடக்கட்டும். கங்கு அணையாமல் இருக்கும், மறுநாள் பற்றவைக்க லேசு. சாம்பல் தட்டு உள்ள அடுப்பு வைத்திருப்பவர்கள் இதைச் செய்யாதீர்கள். தட்டில் சாம்பல் நிரம்பி, விறகைத் தாங்கும் கம்பியைத் தொட்டால் கீழிருந்து காற்று வராமல் கம்பி சூட்டில் வளைந்துவிடும்.

குளிர்வாசி:
அள்ளியதை உடனே குப்பைக் கூடையில் போடலாமா? கரித்துண்டும் நிறைய வருகிறதே?

விறகுக்கட்டு:
கூடவே கூடாது! மூடி போட்ட உலோக வாளியில் போட்டு, வெளியே கல் தரையிலோ மண்ணிலோ வையுங்கள். குறைந்தது 4 நாள். வீட்டுக்குள் வைத்தால் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வேறு வரும், அதற்கு வாசனையே கிடையாது.

கரித்துண்டு மிஞ்சினால் விறகில் ஈரம் இருக்கலாம், அல்லது காற்றை ரொம்பக் குறைக்கிறீர்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இருக்கிற கரியைக் காற்று வரும் பக்கமாக இழுத்துவிட்டு, மேலே ஒரு மெல்லிய விறகு வையுங்கள், எரிந்து தீர்ந்துவிடும்.

தோட்டக்காரி:
ஆறின சாம்பலைச் செடிக்குக் கொஞ்சமாகத் தூவலாம், பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. யூரியாவோடு கலக்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். பெயின்ட் அடித்த மரம் எரித்த சாம்பல் என்றால் மண்ணுக்கே வேண்டாம்.

குளிர்வாசி:
தடுப்பைத் திறந்து அள்ளிப் பார்த்தேன், மேசையில் தூளே இல்லை. கதவு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிந்துகிறது.

அடுப்படி:
கதவு ஓரத்தில் இடைவெளியை அடைக்க ஒரு கயிறு இருக்கும், அதை மென்மையான பிரஷால் தட்டிவிட்டு மூடுங்கள். துணுக்குச் சிக்கினால் கதவு இறுக்கமாக மூடாது, விறகு மளமளவென்று எரிந்துபோகும்.