ஸ்கேன் படத்தைப் பார்த்தே நாயின் மூத்திரப்பையில் 170 மில்லி என்கிறார்களே, எப்படி?

காசிமேட்டுக்காரன்:
எங்கள் மணி நாட்டு நாய், 14 கிலோ. போன வாரம் பைக் இடித்ததில் முதுகுத்தண்டில் அடி. பின்னங்கால் இரண்டும் வரவில்லை. கீழே விரித்த துண்டு எப்போதும் ஈரமாகவே இருந்தது. மூத்திரம் தானாகப் போகிறதே என்று நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதுதான் டாக்டர், “இது போகலைங்க, பை நிரம்பி வழியுது” என்றார். வயிற்று முடியை மழித்து, ஜெல் தடவி ஸ்கேன் வைத்தார். திரையில் கருகருவென்று ஒரு பலூன். ஓரங்களில் கூட்டல் குறி வைத்து அளந்தார். 9, 6, 6 சென்டிமீட்டர். உடனே “சுமார் 170 மில்லி” என்றார். கையால் அமுக்கி எடுத்தபின் மறுபடி பார்த்தால் 4, 3, 3. எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? மிச்சம் இருப்பது பரவாயில்லையா?

புளியந்தோப்பு கிளினிக் உதவியாளர்:
அண்ணா, நீளவாக்கில் ஒரு படம், குறுக்குவாக்கில் ஒரு படம் எடுப்போம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கணும். முட்டை வடிவத்துக்கான கணக்கு அது. 9×6×6 என்றால் 324, அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, 168. பை எப்போதும் சரியான முட்டையாக இருக்காது, அதனால் இது தோராயம்தான். ஒவ்வொரு முறையும் மணியை ஒரே மாதிரி படுக்கவைத்து அளந்தால் ஒப்பிடலாம்.
மிச்சம் 19 மில்லி வருகிறது. நல்லா இருக்கும் நாய் போய் முடித்தபின் கிலோவுக்கு அரை மில்லிகூட தங்காது. உங்க மணியோட பையில் 7 மில்லிக்குள் இருக்கணும். இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டியிருக்கு.

திருவொற்றியூர் அம்மா:
தம்பி, எங்கள் டாஷ்ஹவுண்டு நாய்க்கும் இதேதான். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை எடுக்கணும்னு பார்த்துக்கோப்பா. கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 1 முதல் 2 மில்லி ஊறும். உன் பிள்ளைக்கு 170 சேர 6 மணி நேரமே போதும். ராத்திரி முழுக்க விட்டுடாதே. அமுக்கும் முறையை டாக்டர் கையைப் பிடித்துக் காட்டினபிறகு செய். வரவில்லை என்றால் முரட்டுத்தனமாக அழுத்தாதே, பை கிழிந்துவிடும்.

காசிமேட்டுக்காரன்:
ரொம்ப நன்றிம்மா, தம்பிக்கும். டாக்டர் சொல்லிக் கொடுத்தார். நேற்று ராத்திரி 11 மணிக்கு எங்கள் அம்மா மணியின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் எடுத்தேன். இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றிப் பார்த்தோம், 120 மில்லி. விடியற்காலை 5 மணிக்கு மறுபடி. துண்டு காய்ந்தே இருந்தது.