டெக்கின் அடியில் ஸ்கங்க்: துளையை அடைக்கலாமா? உடன் உதவி தேவை

கீரிமலையான்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு டெக்கின் (வீட்டை ஒட்டிய மரத்தளத்தின்) அடியில், நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் ஸ்கங்க் என்ற விலங்கு ஒன்று குடிபுகுந்துவிட்டது. நேற்றிரவு அது நாயின் மீது பீய்ச்சியடித்துவிட்டது. வீட்டில் இருந்த தக்காளிச் சாறு முழுவதையும் ஊற்றிக் குளிப்பாட்டியும் நாற்றம் போகவில்லை. உள்ளே இருந்து ஒருவாய்ச் சோறு உண்ண முடியாத நிலை. இன்று மாலையே துளையைக் கல்லும் சீமெந்தும் வைத்து அடைத்துவிட எண்ணுகிறேன். விரைவாகப் பதில் தாருங்கள்.

தோட்டக்காரி:
தம்பி, சீமெந்தைக் குழைக்கும் முன் சில விபரங்களைச் சொல்லுங்கள். எந்த ஊர்? நாயை அது கடித்ததா, அல்லது பீய்ச்சியது மட்டுந்தானா? நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? ஸ்கங்க் பகலிலும் வெளியே வருகிறதா? இது குட்டி போடும் காலமாகையால், தாய் இரைதேடிப் போன நேரத்தில் துளையை அடைத்தால் குட்டிகள் உள்ளேயே செத்துப்போகும். அந்த நாற்றம் இப்போதுள்ளதை விட மோசமானது.

செங்கோல்:
ஒவ்வோர் இளவேனிலிலும் இதே கேள்வி வருகிறது; பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமை எவருக்கும் இல்லை. தக்காளிச் சாறு நாற்றத்தை நீக்குவதில்லை. மூக்கு அந்த நாற்றத்துக்குப் பழகிச் சோர்ந்துவிட, போய்விட்டதாக நாம் நம்பிக்கொள்கிறோம், அவ்வளவுதான். நாற்றத்துக்குக் காரணம் தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். அவற்றை ஒட்சியேற்றினால்தான் நாற்றம் அடங்கும். போல் கிரேபவும் என்ற வேதியியலாளர் 1993 இல் வெளியுலகுக்குத் தெரியவந்த தம் கலவையில் இதைத்தான் செய்தார். மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட் ஏறத்தாழ ஒரு லீற்றர், அப்பச்சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைத் திறந்த வாளியில் கலந்து, நுரைக்கும்போதே உரோமத்தில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் படக் கூடாது. மீந்ததைப் போத்தலில் அடைத்து வைத்தால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

முல்லை:
எங்கள் அம்மா துளையைச் சுற்றிப் பூச்சி உருண்டைகளைப் போட்டுத்தான் ஸ்கங்கை விரட்டினார்.

தோட்டக்காரி:
முல்லை, பூச்சி உருண்டை மூடிய பெட்டிக்குள் வைப்பதற்கானது. வெளியே மண்ணில் போட்டால் நாயும் குழந்தைகளும் எடுத்து வாயில் வைக்கும் ஆபத்து உண்டு. டெக்கின் அடியில் வெளிச்சமும் இரவு முழுக்கப் பேசும் வானொலியும் வைத்தால், தாயே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடக்கூடும்.

வேலவன்:
எல்லோரும் துளையையே பார்க்கிறீர்கள்; நான் புல்தரையைப் பார்க்கச் சொல்கிறேன். புல் கைப்பிடியளவு பெயர்ந்து, கூம்பு வடிவில் சிறு குழிகள் தென்பட்டால், வேருக்கடியில் ஜப்பானிய வண்டு, ஐரோப்பிய சேஃபர் வண்டு ஆகியவற்றின் வெள்ளைப் புழுக்கள் இருக்கின்றன என்று பொருள். ஸ்கங்குக்கு அதுவே விருந்து. ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ நேசரியில் அந்தப் புழுக்களைக் கொல்லும் நெமற்றோட்டு என்ற நுண்புழுக்களை வாங்கி, நன்றாக நனைத்த புல்லில் மாலையில் தெளியுங்கள். சாப்பாடு இல்லாத வளவில் அது ஏன் தங்கப்போகிறது?

மாறன்:
இவ்வளவு சிரமம் எதற்கு? கூண்டு வைத்துப் பிடித்து, ரூஜ் பூங்காப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாமே.

செங்கோல்:
சட்டம் தெரியாமல் ஆலோசனை கூறாதீர்கள். நம் ஒன்ராறியோ மாகாணத்தில், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே காட்டுவிலங்கை விட வேண்டும்.

மாறன்:
ஒரு கிலோமீற்றருக்குள் விட்டால் அன்றிரவே திரும்பி வந்துவிடும். அப்படியானால் அந்தச் சட்டத்தால் வீட்டுக்காரருக்கு என்ன பயன்?

தோட்டக்காரி:
மாறன், அது வீட்டுக்காரருக்காக எழுதப்பட்ட விதியன்று. தென் ஒன்ராறியோவில் ஸ்கங்குகளிடையே விசர்நோய் இருந்திருக்கிறது. 2015 இல் ஹமில்ற்றன் பகுதியில் ரக்கூன்களிடமும் கண்டறியப்பட்டது. ஓரிடத்து விலங்கைத் தொலைவில் விட்டால் நோயும் கூடவே போகும். தாயைக் கூண்டில் எடுத்தால் குட்டிகள் டெக்கின் அடியில் அனாதையாகும் என்பதை நீங்கள் இருவருமே பேசவில்லை.

செங்கோல்:
அதை முதல் பதிலிலேயே நீங்கள் சொல்லிவிட்டதால் நான் திரும்பச் சொல்லவில்லை.

கீரிமலையான்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஊர் ஸ்காபரோ. கடிக்கவில்லை, தடுப்பூசி போட்டிருக்கிறது. பகலில் துளைவாயில் அது உலர்புல்லை இழுத்துச் செல்வதை மனைவி பார்த்திருக்கிறார்.

தோட்டக்காரி:
புல்லை இழுக்கிறது என்றால் உள்ளே குட்டிகள் இருப்பதாகவே கொள்ளுங்கள். ஜூலை வாக்கில் அவை தாயின் பின்னால் வரிசையாக இரவில் வெளியே நடக்கும். அதன் பிறகு கசக்கிய செய்தித்தாளைத் துளையில் தளர்வாகச் செருகி வையுங்கள். இரண்டு மூன்று இரவுகள் கலையாமல் இருந்தால் உள்ளே எவரும் இல்லை. பிறகு அரை அங்குலக் கண்ணுள்ள துத்தநாகம் பூசிய கம்பிவலையை ஓர் அடி ஆழம் புதைத்து, அடியில் வெளிப்பக்கமாக இன்னோர் அடி மடித்து மண்ணை மூடுங்கள். தோண்டிப் பார்க்கும் விலங்கு அந்த மடிப்பில் தடைபட்டுத் தோண்டுவதைக் கைவிட்டுவிடும். அதுவரை நாயைக் கயிறு இல்லாமல் இரவில் வெளியே விடாதீர்கள். ஸ்கங்க் முன்காலைத் தரையில் அடித்து வாலைத் தூக்கினால் உடனே பின்வாங்குங்கள்.

வேலவன்:
புல்தரையைப் பார்த்தீர்களா?

கீரிமலையான்:
நாயின் நாற்றம் பெரும்பாலும் போய்விட்டது, கழுத்துப்பட்டியை எறிந்துவிட்டோம். சீமெந்து வேலையை நிறுத்திவைத்திருக்கிறேன். நன்றி.

வேலவன்:
புல்தரை?