கடலோரக் கிராமத்து வீட்டில் ஒரு வாரம், சமையல் நாமேதான்: என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

கேள்வி: கடலிலிருந்து சற்று உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறோம். இரண்டு குழந்தைகள், முழங்கால் வலியோடு அம்மா. கிளம்பும் முன் எதையெல்லாம் விசாரிக்கலாம்?

பதில் 1: வாசல் படி, குளியலறை இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அம்மாவுக்கு அதுதான் முக்கியம். அப்புறம் அடுப்பு. எரிவாயு என்றால் மாற்று சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பாத்திரமெல்லாம் இருக்கிறது என்பார்கள், ஆனால் நான் போன வீட்டில் கத்தி தக்காளித் தோலைக்கூட வெட்டவில்லை, அதிலிருந்து என் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போகிறேன். உப்பை இறுக மூடி வையுங்கள், கடற்காற்றில் நீர்த்துவிடும்.

பதில் 2: கழிவுநீர்த் தொட்டியா என்று கேளுங்கள். ஈரத்துடைப்புத் தாள் (வெட் வைப்ஸ்) கழிப்பறை வழியாக உள்ளே போனால் மட்காது. எங்களுக்கு இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டது.

பதில் 3: குழந்தைகள் இருப்பதால் சொல்கிறேன், ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான கரைகளில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும், அதனால் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை நம்பிப் பாறைப் பக்கம் போகாதீர்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி! படிக்குப் படம் கேட்டுவிட்டேன். கைப்பிடி இல்லையாம், வேறு வீடு பார்க்கிறோம்.