ஆற்று வண்டல் பூசிய படம் வெடித்து உதிர்கிறது: கலப்பு ஊடகம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குடமுருட்டிக்கரை (திருவையாறு) கேட்கிறார்:

வணக்கம். பேனாக் கோட்டுச் சித்திரமும் நீர்வண்ணமும் எனக்குப் பழக்கம். இப்போது பல பொருள்களை ஒரே படத்தில் சேர்க்கும் கலப்பு ஊடகத்தில் இறங்கியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் படித்துறைகளைத் தொடராக வரைகிறேன். ஆற்றை வரைகிறவன் ஆற்று மண்ணையே கொஞ்சம் தாளில் ஏற்றினால் என்ன என்று தோன்றியது. குடமுருட்டியில் தண்ணீர் வடிந்த இடத்தில் எடுத்த வண்டலைத் தச்சர்களின் வெள்ளைப் பசையில் குழைத்து, கடைசிப் படிக்குக் கீழே கனமாகத் தடவினேன். அதற்கு மேலே பழைய பஞ்சாங்கத் தாளைக் கிழித்து ஒட்டி, பேனாவால் கோடு போட்டு, எண்ணெய்ப் பாஸ்டல் தேய்த்து, கடைசியாக அக்ரிலிக் பூசினேன். தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) கனம்.

தொல்லை ஒன்றிரண்டு அல்ல. வண்டல் காய்ந்ததும் சித்திரை மாதத்து வயல் போல வெடிக்கிறது. தாளைத் தூக்கினால் சில்லுச் சில்லாகக் கழன்று விழுகிறது. பஞ்சாங்கத் தாள் குமிழி விடுகிறது. பேனாவின் கறுப்பு மை, ஈரத் தூரிகை பட்டவுடன் ஊதாவாகக் கசிகிறது. பாஸ்டல் மேல் பூசிய அக்ரிலிக் முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. காய்ந்தபின் நகம் பட்டால் தோலாக உரிந்து வருகிறது. ஐப்பசி மழையின் ஈரம்தான் காரணமா, அல்லது முறையே தவறா?

குடந்தைத் தூரிகை:

மழைமேல் பழி போட வேண்டாம் தம்பி. ஈரம் காய்வதைத் தாமதமாக்கும், அவ்வளவுதான். உங்கள் சிக்கல் வரிசையில் இருக்கிறது. நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவள். அங்கே முதலில் மண்டையில் ஏறுவது இதுதான்: நீரில் கரைவது கீழே, எண்ணெயும் மெழுகும் மேலே.

எண்ணெய்ப் பாஸ்டல் உலராத எண்ணெயும் மெழுகும் சேர்த்துச் செய்வது. வருடக்கணக்கில் வைத்தாலும் அது முழுதாகக் காயாது. அக்ரிலிக்கோ நீரில் கரைத்த வண்ணம். மெழுகின்மேல் அதற்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்? தலைகீழாக மாற்றுங்கள். அக்ரிலிக்கை முதலில் பூசி, நன்றாகக் காயவிட்டு, கடைசியில் பாஸ்டலைத் தேய்த்தால் போதும். அக்ரிலிக் பூச்சு சொரசொரப்பாக இருந்தால் பாஸ்டல் மேடுகளில் மட்டும் பிடித்துப் பள்ளங்களை விட்டுவிடும். படிக்கட்டுக் கல்லுக்கு அது பிரமாதமாக அமையும்.

மை விஷயம் எளிது. சாதாரண ஊற்றுப்பேனா மை சாயத்தால் ஆனது. தண்ணீர் பட்டால் கரையும். நிறமித் துகள் கொண்ட நீர்புகா மை அல்லது இந்தியன் இங்க் வாங்குங்கள். இந்தியன் இங்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பிவிடாதீர்கள். அடைத்துக்கொள்ளும், தொட்டு எழுதும் நிப்புக்குத்தான் அது. லேபிளில் போட்டிருப்பதை மட்டும் நம்பாமல், துண்டுத் தாளில் கோடு போட்டு ஒரு நாள் கழித்து ஈரத் தூரிகையால் தடவிப் பாருங்கள்.

பஞ்சாங்கத் தாள் மெல்லிய மலிவுத் தாள். பசை பட்டதும் அது விரிகிறது, அடியில் உள்ள கனத்த தாள் அந்த அளவுக்கு விரிவதில்லை. இடைவெளி குமிழியாகிறது. ஒட்டும் தாளிலும் அடித்தாளிலும் பசையை மெல்லியதாகத் தடவி, ஒட்டும் தாள் ஈரத்தில் விரிந்து முடியச் சற்று நேரம் கொடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிடுங்கள். மேலே வழுவழுப்பான பிளாஸ்டிக் தாள் வைத்துக் கனமான புத்தகங்களை அடுக்குங்கள். இன்னொன்று: அந்த மாதிரித் தாள் சில வருடத்தில் பழுப்பேறி நொறுங்கும். பழைய பஞ்சாங்கம் வீட்டுச் சொத்து என்றால் கிழிக்கவே வேண்டாம், நல்ல தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகல் பெரும்பாலும் பசை ஈரத்திலேயே கலைந்துவிடும்.

பலகைப்படம் (தஞ்சாவூர்):

அம்மா சொன்னது அத்தனையும் சரி. வண்டல் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் தஞ்சாவூர்ப் படம்தான் தொழில்.

டெல்டா வண்டலில் களி அதிகம். களி, நீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். சுருங்கும்போது எங்காவது பிளந்துதானே ஆக வேண்டும்? கனமாகப் பூசினால் மேல்பரப்பு முதலில் காய்ந்து இழுக்கும், அடி ஈரமாகவே இருக்கும். ஆகவே களியைக் குறையுங்கள். வண்டலைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி, தெளியவிட்டு, காயவைத்துப் பொடியாக்குங்கள். அந்தப் பொடி ஒரு பங்குக்கு, சலித்துக் கழுவிய நுண்மணல் இரண்டு அல்லது மூன்று பங்கு. மணல் சுருங்காது, அது எலும்பு மாதிரி நிற்கும், களி நிறத்தை மட்டும் கொடுக்கும். வெள்ளைப் பசைக்குப் பதில் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேர்க்காத அக்ரிலிக் கூழ்) ஊற்றிக் குழையுங்கள். காய்ந்தபின் அது கொஞ்சம் வளைந்துகொடுக்கும், ஈரத்தில் இளகாது. தாளின் கனத்துக்கு மேல் ஒரு தடவையில் பூசாதீர்கள். காயட்டும், மறுபூச்சு போடுங்கள்.

அதைவிட முக்கியம், தாளை விடுங்கள். நாங்கள் சுண்ணப்பொடியும் கோந்தும் குழைத்த மக்கைப் புடைப்பாக வைக்கிறோம். அதுவும் முறியக்கூடிய பொருள்தான். ஏன் உதிர்வதில்லை? அடியில் பலகை, பலகைமேல் ஒட்டிய துணி. வளையாத அடிமானம் இருந்தால்தான் புடைப்பு வேலை நிற்கும். பலாப்பலகைக்குப் போக வேண்டாம், பிளைவுட் போதும். காடாத் துணியை ஒட்டி, மேலே வெள்ளைப் பூச்சு கொடுத்து, உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பலகையின் பின்பக்கத்திலும் அதே பூச்சு ஒரு கை கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மழைக்காலத்தில் வளைந்துவிடும்.

ஆற்றோரம் (மயிலாடுதுறை):

வயதானவன் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீர்வண்ணத்தில் ஈர மண்ணைக் காட்டத் தெரிந்தவனுக்கு மண் எதற்கு? ஒட்டுவதும் பூசுவதும் வெளிநாட்டு மோகம். முதலில் படித்துறையின் நிழலைச் சரியாகப் போடப் பழகட்டும்.

பலகைப்படம்:

ஐயா, நிழல் போடப் பழக வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மோகம் என்று சொல்லாதீர்கள். ஐரோப்பாவில் ஓவியர் பிக்காசோ படத்தில் மெழுகுத்துணியை ஒட்டிச் சுற்றிலும் கயிற்றைச் சட்டமாக வைத்தது 1912இல். அதற்கு வெகுகாலம் முன்பே, மராட்டியர் காலத்துத் தஞ்சாவூரில் பலகை, துணி, சுண்ணம், கண்ணாடிக் கல், பொன்தகடு எல்லாவற்றையும் ஒரே படத்தில் ஏற்றிவிட்டார்கள். பெயர்தான் வேறு.

நாகை உப்புக்காற்று:

கடற்கரைப் பக்கம் மண் எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கழிமுகத்து மண்ணில் உப்பு இருக்கும். படம் காய்ந்து சில வாரத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். துடைத்தால் போகும், ஈரக் காற்று அடித்துக் காய்ந்தால் திரும்பி வரும். மண்ணை நல்ல தண்ணீரில் கரைத்து, தெளிந்ததும் மேல்நீரைக் கொட்டி, மறுபடி ஊற்றிப் பலமுறை கழுவுங்கள். திருவையாற்றுக்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம், புளியங்கொட்டைப் பசை, மைதாப் பசை பயன்படுத்தலாமா என்று யாராவது கேட்பார்கள். ஒட்டும், பூச்சியும் வரும், பூஞ்சையும் வரும். பழைய புத்தகக் கட்டுநர்கள் அதற்காகப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

குடமுருட்டிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சிறு பிளைவுட் துண்டில் காடா ஒட்டி, இரண்டு பங்கு மணலோடு சோதித்துப் பார்த்தேன். நகத்தால் சுரண்டினாலும் பெயரவில்லை. மேலே மயிரிழை வெடிப்பு மட்டும் தெரிகிறது. அக்ரிலிக்குக்கு மேல் பாஸ்டல் தேய்த்ததும் அக்கா சொன்னபடியே மேடுகளில் மட்டும் பிடித்தது. மயிலாடுதுறை ஐயாவுக்கு: நிழலையும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மீதம். கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில், கையால் வரையும் கலம்காரித் துணிக்கு இரும்பும் வெல்லமும் ஊறவைத்துக் கறுப்பு எடுக்கிறார்களே, கடையில் வாங்கும் மைக்குப் பதில் அதைப் பயன்படுத்தலாமா? பாஸ்டல் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடலாமா?

குடந்தைத் தூரிகை:

அந்தக் கறுப்பு, கடுக்காய் ஏற்றிய துணியில்தான் நிலைக்கும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. தாளுக்கு இரும்பு மை ஆகாது. நாளடைவில் கோடு போட்ட இடத்தையே அரித்துவிடும். காடா மேல் வெள்ளைப் பூச்சு இல்லாத ஓரத்தில், கடுக்காய்த் தண்ணீர் தடவிச் சோதித்துப் பாருங்கள். எனக்கும் பார்க்க ஆசை.

கண்ணாடி கட்டாயம் போடுங்கள். காயாத பாஸ்டலில் தூசி அப்பிக்கொள்ளும். ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. சட்டம் போடுகிறவரிடம் உள்ளே மரக்குச்சி கொடுத்து, உங்கள் மண் புடைப்பைவிட உயரமாக இடைவெளி விடச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டினால் காற்று ஓடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம்.