டிசி வாங்காமல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா?

திருப்பூர்_அப்பா: பையனுக்கு 11 வயது. தனியார் பள்ளியில் ஆறாவது. இந்த வருடத்தோடு நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். நேற்று இங்கே ஒருவர் "டிசி தேவையே இல்லை" என்று எழுதியிருந்தார். நிஜமா?

ஆதிரை_அம்மா: எழுதியவர் முன்னால் வரட்டும், நாலு கேள்வி இருக்கிறது. என் மகளை டிசி வாங்காமல்தான் நிறுத்தினோம். ஒன்றரை வருடம் கழித்து அவளே பள்ளிக்குப் போகிறேன் என்றாள். அரசுப் பள்ளியில் எமிஸை (கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளம்) திறந்து பார்த்தால், பழைய பள்ளி அவள் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது வேறு பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, விடவே இல்லை. அந்த வாசலுக்கு ஆறு நடை நடந்தேன்.

சுதந்திரப்பறவை: எழுதியது நான்தான், கேளுங்கள். 14 வயதானால் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். எட்டாவது சான்றிதழ் இல்லையென்றால், தேவையான அளவு படித்திருக்கிறேன் என்று தானே எழுதித் தரும் சுயசான்று போதும். டிசி எங்கே வந்தது?

ஆதிரை_அம்மா: 14 ஆக இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே! நடுவில் பிள்ளை மனசு மாறினால்?

சுதந்திரப்பறவை: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5. டிசி தாமதம் என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்க முடியாது. படித்துவிட்டு வாருங்கள்.

ஆதிரை_அம்மா: படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். தலைமை ஆசிரியர் உடனே டிசி தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. கேட்டால்தானே தருவார்?

கணக்கு_வாத்தியார்: முப்பது வருடம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன். டிசியை விடுங்கள், வீட்டில் யார் அல்ஜீப்ரா சொல்லித் தருவது?

ஆதிரை_அம்மா: ஐயா, உங்களிடம் படித்த பிள்ளைகள் ஏன் டியூஷன் போனார்கள் என்று போன மாதமே கேட்டேன். இன்னும் பதில் இல்லை. என் மகள் முதல் இரண்டு மாதம் வேன் ஹாரன் கேட்டாலே பாதி இட்லியைத் தட்டில் விட்டு எழுந்துவிடுவாள். அந்தப் பதற்றம் போகும்வரை புத்தகத்தையே தொடவில்லை. அப்புறம் ஒருநாள் மளிகைக் கடை பில்லை எடுத்துத் தானாகக் கூட்டினாள், ஏழு ரூபாய் தப்பு என்று கடைக்காரரிடமே போய்ச் சொன்னாள்.

கணக்கு_வாத்தியார்: கூட்டல் வேறு, அல்ஜீப்ரா வேறு.

சுதந்திரப்பறவை: வீட்டுக்கல்வியை விட்டுவிட்டு அரசுப் பள்ளிக்கு ஓடியவர் மற்றவருக்கு வழி சொல்கிறார்!

ஆதிரை_அம்மா: ஓடவில்லை. பிள்ளை கேட்டாள், அனுப்பினேன். டிசி கையில் இருந்திருந்தால் ஒரே நாளில் அனுப்பியிருப்பேன்.

திருப்பூர்_அப்பா: ஃபீஸ் பாக்கி இருக்கிறது. தருவார்களா?

ஆதிரை_அம்மா: டிசியில் பாக்கி என்று எழுதக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், ஒப்புகை வாங்குங்கள். எமிஸில் விடுவித்தார்களா என்றும் பாருங்கள்.

சுதந்திரப்பறவை: மறுபடியும் டிசி! சுயசான்று போதும் என்று எத்தனை தடவை சொல்வது?

ஆதிரை_அம்மா: நீங்கள் எத்தனை தடவை எழுதினாலும் அத்தனை தடவையும் நான் வருவேன்.

சுதந்திரப்பறவை: வாருங்கள். சுயசான்று போதும்.