பொருள்: களித்துகள் ஒட்டிக்கொள்வதற்கு என்ன சொல்?

கோபியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கமுங்க. வால்பாறை, நீலகிரித் தேயிலை மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுவது பற்றிய கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சுண்ணாம்பு புளிப்பைத் தணிக்கிறது. மண்நீரில் கரைந்திருக்கும் அலுமினியம் கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. இதுவரை சிக்கல் இல்லை. மண்நீரில் கால்சியம் கூடினால் களித்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், அந்த ‘பிளாக்குலேஷனு’க்குத் தமிழ்ச் சொல்தான் இடிக்கிறது.

ஈரோடு, தமிழாசிரியர்:
திரளுதல். துகள் திரள்கிறது, சுண்ணாம்பு திரட்டுகிறது. தன்வினை, பிறவினை இரண்டும் கைக்கு வந்துவிட்டன. திரட்சி, திரளை, திரணை, திரட்டுப்பால் எல்லாம் ஒரே குடும்பம். திரை, திரி வரைக்கும்கூடக் கொண்டுபோகலாம்.

கோவை, மண்ணியல் வகுப்பெடுப்பவர்:
ஐயா, ‘மண்திரள்’ ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டதுங்க. மட்கிய பொருளும் வேரும் பூஞ்சை இழையும் பிணைத்த கட்டிக்கு அந்தப் பெயர். களி ஒட்டுவது அதற்கு முந்திய படி. இரண்டுக்கும் ஒரே சொல்லானால் மாணவர்கள் குழம்புவார்கள்.

பல்லடம், விவசாயி:
பால் திரிகிற மாதிரிதானே? ‘திரிதல்’ போடுங்க. அப்புறம் ஒன்று. எங்க செம்மண்ணைத் தோண்டினாலே சுண்ணாம்புச் சுக்காங்கல். இதில் இன்னும் சுண்ணாம்பைக் கொட்டினால் இரும்புச் சத்து ஏறாமல் நிலக்கடலை வெளுத்துப்போகும். பிஎச் 8.5ஐத் தாண்டிய, சோடியம் மிகுந்த களருக்கும் ஜிப்சம்தான். அங்கே சுண்ணாம்பு கரையவே கரையாது. ‘எந்த மண்ணுக்கும்’ என்று அச்சில் வந்துவிடக் கூடாதுங்க.

ஈரோடு:
பின்னது மிகச் சரி. முன்னது ஆகாது. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்’, குறள் 452. திரிதல் என்றால் இயல்பு மாறுதல். திரிசொல்லும் அப்படித்தான். கலங்கல் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை தெளியவைப்பதும் இதே வேலைதான். ‘தேற்றம்’ எவ்வளவு அழகு!

கோவை:
தேற்றத்தைக் கணக்கு வாத்தியார்கள் எடுத்துக்கொண்டார்கள் ஐயா. பித்தாகரசு தேற்றம் படித்த பிள்ளை என்ன நினைக்கும்? ‘துகள்சேர்க்கை’ போதும். படித்தவுடன் புரியும்.

பல்லடம்:
புரிகிறது. போடுங்க.

கோபி:
சரி, நாளாகிவிட்டது. ‘துகள்சேர்க்கை’ என்றே அனுப்புகிறேன். சுண்ணாம்பு வேண்டாத மண் எது என்று முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டிவிட்டேன்.

ஈரோடு:
அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் சேர்க்கை பிறவினையில் பிறந்த சொல். யாரோ சேர்க்க வேண்டும். துகள் தானாகச் சேர்கிறது. ‘துகள்சேர்வு’ என்பதே இலக்கணம். அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.